மலை எத்தனை மில்லிமீட்டர் தாங்கும்? குன்னூரிலிருந்து ராஜமலை வரை

செவ்வாய், குன்னூர்

தென்மேற்குப் பருவமழை ஓய்ந்துவிட்டது, வடகிழக்கு இன்னும் வந்து சேரவில்லை. மலையேற இதைவிடத் தோதான வாரம் கிடைக்காது. பையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். அதில் மலை சரிந்த ஊர், தேதி, அன்றைக்குப் பெய்த மழை, இவ்வளவுதான். குன்னூரில் தொடங்கி வயநாடு, அங்கிருந்து மூணாறு. எத்தனை மில்லிமீட்டர் பெய்தால் ஒரு சரிவு இறங்கும், எத்தனையாவது மில்லிமீட்டரில் அங்கே படுத்திருப்பவர்களை எழுப்பிக் கூட்டிப்போகவேண்டும் என்பதை அந்தந்த இடத்தில் நின்று யோசித்துப் பார்க்கலாம் என்று கிளம்பியிருக்கிறேன்.

மேட்டுப்பாளையத்தில் காலை மலை ரயில். 1899இல் குன்னூர் வரை வந்த பாதை. கல்லாறு தாண்டியதும் பல்சக்கரம் பிடித்துக்கொள்கிறது, வேகம் சைக்கிளுக்கும் கீழே போய்விடுகிறது. ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் பிடிக்க ஓர் ஆள் நிற்கிறார். ஜன்னல் பக்கம் கையை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் செங்குத்தாக வெட்டிய மண்சுவர். வேர்கள் தொங்குகின்றன. சில இடங்களில் புதிதாகக் கட்டிய தடுப்புச் சுவர், சில இடங்களில் பச்சை மண்.

எதிர் இருக்கையில் இந்தப் பாதையிலேயே கேங்மேனாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர். பேச்சுக் கொடுத்தேன்.

"ஐயா, மழை எவ்வளவு பெஞ்சா இங்க மண் இறங்கும்?"

"ஒரு நாள் கொட்டுறதைப் பார்த்து நாங்க பயப்பட மாட்டோம் தம்பி. நாலு நாளா நசநசன்னு பெஞ்சு ஊறிப்போயிருக்கும் பாருங்க, அதுக்கு மேல ஒரு ராத்திரி அடிச்சா, விடிஞ்சதும் லைன்ல நடந்தே ஆகணும். எங்கயாவது விழுந்திருக்கும்."

இதைத்தான் ஆய்வாளர்கள் கோடு போட்டுக் காட்டியிருக்கிறார்கள். நம் ஊரில் மண்சரிவு ஆவணமாவது பெரும்பாலும் ஆள் செத்தால்தான். ரயில்வே அப்படியில்லை. ஒரு வண்டி மண் தண்டவாளத்தில் விழுந்தாலும் ரயில் நிற்கும், நின்றால் பதிவேட்டில் ஏறும். இந்தப் பாதையின் சரிவுப் பதிவேடுகளையும் மழைப் பதிவுகளையும் சேர்த்து வைத்துக்கொண்டு பங்கஜ் ஜெய்ஸ்வாலும் நெதர்லாந்தின் வான் வெஸ்டனும் 2009இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முறை எளிமையானது. ஒரு பக்கம் அன்றைய மழை, இன்னொரு பக்கம் முந்தைய நாட்களின் மழை. சரிவு நடந்த ஒவ்வொரு நாளையும் ஒரு புள்ளியாக வைக்கவேண்டும். புள்ளிகளின் அடிவரம்பை ஒட்டி இழுக்கும் கோடுதான் மழை வரம்பு. முன்பே நன்றாக ஊறியிருந்தால் இன்றைக்குக் கொஞ்சம் போதும், காய்ந்திருந்தால் நிறைய வேண்டும். பெரியவர் சொன்ன நாலு நாள் நசநசப்பு அந்தப் படத்தின் கிடை அச்சு.

உலகம் முழுமைக்குமான கோடுகளும் உண்டு. நெல் கெய்ன் என்பவர் 1980இல் 73 நிகழ்வுகளை வைத்து முதல் உலகக் கோட்டைப் போட்டார். அவர் சமன்பாட்டில் 24 மணி நேரத்தைப் போட்டுப் பார்த்தால் சுமார் 103 மி.மீ. வருகிறது. இத்தாலியின் குஸெட்டி குழு 2008இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிகழ்வுகளை எடுத்து அடிவரம்பை மறுபடி தேடியது. அதே 24 மணி நேரத்துக்கு அவர்கள் கோடு தருவது சுமார் 13 மி.மீ. பதின்மூன்றுக்கு எச்சரிக்கை விட்டால் நீலகிரியில் பருவமழைக் காலம் முழுக்க யாரும் வீட்டில் இருக்க முடியாது. உலகத்தில் எங்கேயோ ஒரு மலை அவ்வளவுக்கே இறங்கியிருக்கிறது என்பதற்கு மேல் அந்த எண்ணில் குன்னூர்க்காரருக்கு ஒன்றும் இல்லை.

மரப்பாலம் பக்கம் சாலை தெரிந்தது. 1993 நவம்பரில் பேருந்துகளை மண் அடித்துக்கொண்டு போன இடம். இப்போது லாரிகள் வரிசையாக ஏறிக்கொண்டிருக்கின்றன.

புதன், கேத்தி

கேத்திப் பள்ளத்தாக்கு மேலிருந்து பார்க்க அழகு. சரிவெல்லாம் படிப்படியாகக் காய்கறித் தோட்டம், நடுவில் அடுக்கடுக்காக வீடு. 2009 நவம்பரில் மூன்று நாலு நாளுக்குள் குன்னூர், கேத்தி, ஊட்டி, கோத்தகிரி பக்கம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இடங்களில் மண் சரிந்தது. நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கேத்தியில் ஒரே நாளில் 820 மி.மீ. பதிவானது. ஊட்டிக்கு ஆண்டு முழுக்கக் கிடைப்பதே சுமார் 1,200.

என் நோட்டில் அதற்கு நேர் எதிரே எழுதி வைத்திருப்பது அவலாஞ்சி. 2019 ஆகஸ்டில் அங்கேயும் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் கொட்டியது. அங்கும் மண் சரிந்தது, சிலர் இறந்தார்கள், ஆனால் 2009இன் கணக்கு இல்லை. மழையளவு ஏறக்குறைய ஒன்று, மாவட்டமும் ஒன்று. வித்தியாசம் எங்கே?

முதலில் மனிதர்கள். அவலாஞ்சியைச் சுற்றிச் சோலைக்காடும் புல்வெளியும் அணைக்கட்டும். கேத்தியில் ஒவ்வொரு வெட்டிய சரிவுக்கும் கீழே ஒரு சமையலறை இருக்கிறது. அடுத்தது, மலைக்கு எது பழக்கம் என்பது. நீலகிரியின் மேற்குப் பக்கம் தென்மேற்குப் பருவமழையை முகத்தில் வாங்கி வாங்கித் தேறியது. அங்கே எளிதில் இறங்கக்கூடிய மண் எப்போதோ இறங்கிவிட்டது, நீர் வடிய ஓடைகள் உண்டு. கிழக்குப் பக்கம் வடகிழக்கை நம்பியிருப்பது. அங்கே அப்படி ஒரு நாள் வந்தால் தண்ணீருக்குப் போக வழியில்லை. நார்வே போன்ற நாடுகளில் மழையை வெறும் மி.மீ. கணக்கில் பார்க்காமல், அந்த இடத்தின் ஆண்டு மழையில் எத்தனை சதவீதம் என்று பார்க்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படுகிறது.

மண்ணுக்குள் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். ஈரமணலில் வீடு கட்டிய குழந்தைக்குத் தெரியும், காய்ந்த மணல் நிற்காது, லேசான ஈரத்தில் கெட்டியாக நிற்கும், தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனால் திடீரென்று கரைந்து உட்காரும். நீலகிரியில் அடியில் சார்னக்கைட் பாறை. அதன் மேல் பல மீட்டர் ஆழத்துக்கு மக்கிய செம்மண். மழை உள்ளே இறங்கி, பாறை மேல் தேங்கி, மண் துகள்களுக்கு நடுவே அழுத்தத்தை ஏற்றுகிறது. அந்த நீரழுத்தம் ஏற ஏறத் துகள்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடி குறைகிறது. ஆழமான சரிவுகளுக்கு ஊற நாள் வேண்டும். மேலோட்டமானவை ஒரு மணி நேர அடைமழைக்கே வந்துவிடும். அதனால் ஒரே ஒரு எண்ணை வைத்து இரண்டையும் பிடிக்க முடியாது.

மாவட்ட நிர்வாகம் நீலகிரியில் அபாயமான இடங்கள் என்று 283ஐப் பட்டியலிட்டு வைத்திருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை டார்ஜிலிங்கோடு நீலகிரியையும் எடுத்துக்கொண்டு, மழை வரம்பை வைத்துச் சோதனை முறையில் தினசரி முன்னறிவிப்பு தரத் தொடங்கியது இந்த இரண்டு மாவட்டங்களில்தான். 2024 ஜூலையில் கொல்கத்தாவில் அதற்கென்று தேசிய மையமும் வந்தது. மையம் திறந்து பதினைந்து நாள் ஆவதற்குள் வயநாடு.

வியாழன், கூடலூர் வழியாகக் கல்பற்றா

பேருந்து மாறி மாறி வந்ததில் நாள் போய்விட்டது. ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன். வானிலைத் துறையின் மழைநாள் காலை 8.30க்குத் தொடங்கி மறுநாள் 8.30க்கு முடிகிறது. 64.5 மி.மீ. தாண்டினால் கனமழை, 115.6இலிருந்து மிகக் கனமழை, 204.4ஐத் தாண்டினால் அதி கனமழை. சமவெளிக்கும் மலைக்கும் இதே அளவுகோல்தான். இரவு பத்திலிருந்து இரண்டுக்குள் கொட்டிய 200ம், நாள் முழுக்கத் தூறிச் சேர்த்த 200ம் செய்தியில் ஒரே வரியாகத்தான் வரும். மலையடிவாரத்தில் இருப்பவருக்கு இரண்டும் ஒன்றல்ல. அந்தக் கணக்கு கைக்குக் கிடைக்கும் நேரமும் விடிந்த பிறகுதான்.

வெள்ளி, மேப்பாடி, சூரல்மலை

காலையில் மேப்பாடிக்கு அருகே ஒரு காப்பித் தோட்டக்காரர் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் திறந்த வெளியில் ஒரு மழைமானி, பக்கத்தில் மரமோ கூரையோ இல்லை. தினமும் காலையில் அளந்து கைபேசியில் அனுப்புகிறார். வயநாட்டில் இப்படி இருநூறுக்கும் மேற்பட்ட மழைமானிகள் உண்டு, பெரும்பாலும் விவசாயிகள் கையில். கல்பற்றாவின் ஹியூம் சூழலியல் மையம் அவற்றைத் திரட்டி மாவட்டத்தின் மழை வரைபடமாக்குகிறது.

"இவ்வளவு கிட்டக் கிட்ட எதுக்குச் சேட்டா?" என்று கேட்டேன்.

அவர் எதிர்மலையைக் காட்டினார். "அங்கே பெய்யுறது இங்கே பெய்யாது. இங்கே முப்பது, அந்த மலைக்குப் பின்னாடி முந்நூறு. நான் பார்த்திருக்கேன்."

மிகைப்படுத்துகிறார் என்று நினைக்கவேண்டாம். 2024 ஜூலை 30 விடியலுக்கு முன் வெள்ளரிமலைச் சரிவு உடைந்தபோது, பக்கத்திலுள்ள புத்துமலையின் மழைமானி அதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் 572 மி.மீ. காட்டியது, கடைசி 24 மணி நேரத்தில் மட்டும் 372. பிறகு உலக வானிலைக் காரண ஆய்வுக் குழு அந்தப் பகுதியின் ஒரு நாள் மழை என்று எடுத்துக்கொண்டது 140 மி.மீ.க்குச் சற்று மேல். யாரும் தப்பாக அளக்கவில்லை. அவர்களுடையது பெரும் பரப்பின் சராசரி, இது ஒரு மலைமுகட்டின் கணக்கு. 372 மி.மீ. என்றால் ஒரு ஹெக்டேரில் 37 லட்சம் லிட்டர். வரம்புக் கோட்டை எவ்வளவு நுட்பமாகப் போட்டாலும், அதில் வைத்துப் பார்க்கும் மழை இருபது கிலோமீட்டர் தள்ளி அளந்ததாக இருந்தால் என்ன பயன்?

இந்த மலையில் இரண்டு நாட்களில் 600 மி.மீ.யை நெருங்கினால் ஆபத்து என்று ஹியூம் மையம் கணித்து வைத்திருந்தது. 2020இல் அவர்கள் எச்சரித்தபோது முண்டக்கைப் பகுதி மக்களை முன்கூட்டியே இடம் மாற்றினார்கள். சரிவு வந்தது, உயிர்ச்சேதம் இல்லை. 2024 ஜூலை 29 காலையிலும் எச்சரிக்கை மாவட்ட நிர்வாகத்துக்குப் போனது. சிலர் முகாமுக்குப் போனார்கள், பலர் வீட்டிலேயே இருந்தார்கள். ஏறக்குறைய முந்நூறு பேர் போய்விட்டார்கள்.

மதியம் சூரல்மலையில் நின்றேன். ஆறு இருந்த அகலத்தைப் பாறைகளை வைத்துத்தான் ஊகிக்கவேண்டியிருக்கிறது, லாரி அளவுப் பாறைகள். இஸ்ரோவின் செயற்கைக்கோள் படத்தின்படி உடைந்த முகடு 1,550 மீட்டர் உயரத்தில், அங்கிருந்து சகதி ஓடிய தூரம் எட்டு கிலோமீட்டர். இங்கே வீடு கட்டியிருந்தவர்களில் பலர் செங்குத்துச் சரிவுக்குக் கீழே வசித்தவர்கள் அல்ல, ஓரளவு சமமான ஆற்றங்கரையில் இருந்தவர்கள். முகட்டுக்கும் தங்கள் வாசலுக்கும் சம்பந்தம் உண்டு என்று அவர்களுக்கு எப்படித் தோன்றும்? எந்த மி.மீ.யில் கிளம்பவேண்டும் என்பதோடு யார் யார் கிளம்பவேண்டும் என்ற வரைபடமும் சேர்ந்து வந்தால்தான் அதற்கு எச்சரிக்கை என்று பெயர்.

படம் எடுக்கப் பலர் வருகிறார்கள். நான் எடுக்கவில்லை.

சனி, வழியில்

நாள் முழுக்கப் பயணம். உடுமலைப்பேட்டை, சின்னாறு, மறையூர். மறையூர் மழை மறைவுப் பகுதி, காய்ந்து கிடக்கிறது. அங்கிருந்து ஒரே ஏற்றம், மூணாறு வந்தால் காற்றே ஈரம்.

ஜன்னலோரம் உட்கார்ந்து பொய் எச்சரிக்கையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன். கோட்டைக் கீழே இறக்கினால் ஒரு சரிவும் தப்பாது, ஆனால் பத்துத் தடவை கூட்டிப்போய் ஒன்பது தடவை ஒன்றும் நடக்காது. மேலே ஏற்றினால் பொய் குறையும், ஒரு நாள் உண்மையானது தப்பிவிடும். இது கணிதப் பிரச்சினை மாதிரி தெரிகிறது, ஆனால் அதைத் தீர்மானிப்பது யார் விலை கொடுக்கிறார்கள் என்பதுதான். நாள்கூலிக்காரர் முகாமில் உட்கார்ந்தால் அன்றைய கூலி போகிறது, மாடு பட்டினி, வீட்டுக்குப் பூட்டுச் சரியில்லை. ஒன்பது பொய்க்கும் அவரே விலை கொடுத்தால் பத்தாவது முறை அவர் வரமாட்டார், அதைப் போய் விழிப்புணர்வு இல்லை என்று சொல்வது அநியாயம். முகாமுக்கு வரும் நாளுக்குக் கூலி என்று ஒரு ஆணை போட்டால், கோட்டைக் கொஞ்சம் தாராளமாகவே கீழே இறக்கலாம் என்பது என் கட்சி.

ஹாங்காங்கில் 1972 ஜூன் 18 அன்று ஒரே நாளில் இரண்டு சரிவுகளில் 138 பேர் இறந்தார்கள். 1977இலிருந்து அங்கே மழையளவை வைத்து மண்சரிவு எச்சரிக்கை. கூடவே சரிவுகளைப் பட்டியலிட்டு, வடிகால் போட்டு, ஆணி அடித்து உறுதிப்படுத்தும் வேலையும் விடாமல் நடந்தது. எச்சரிக்கை மட்டும் போதும் என்று அவர்கள் நினைக்கவில்லை.

ஞாயிறு, மூணாறு

அந்தோணியார் காலனி ஊருக்கு மிக அருகிலேயே இருக்கிறது. 2005இல் இங்கே சரிந்தது. 2009இலிருந்து அமிர்தா பல்கலைக்கழகம் இந்தச் சரிவில் துளையிட்டுக் கருவிகள் இறக்கியிருக்கிறது. மழைமானி, மண் ஈரத்தைப் பார்க்க ஒன்று, மண் துகள்களுக்கு நடுவே ஏறும் நீரழுத்தத்துக்கு ஒன்று, சாய்வு பார்க்க ஒன்று, அதிர்வு கேட்க ஒன்று. எல்லாம் கம்பியில்லாமல் பேசிக்கொள்கின்றன. மழை கூடினால் முதல் படி, நீரழுத்தம் ஏறினால் அடுத்த படி, சரிவே அசைந்தால் கடைசிப் படி.

மழை வரம்பால் சொல்ல முடிவது இந்தப் பள்ளத்தாக்கில் எங்கோ ஆபத்து என்பது வரை. நீரழுத்தமோ இந்தச் சரிவு, இன்று ராத்திரி என்று சொல்லும். இரண்டாவதுதான் நமக்கு வேண்டும், ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒவ்வொரு சரிவிலும் துளை போட எந்த அரசாலும் முடியாது. ஆகவே பெரும்பாலானவர்களுக்கு மழைக் கோடுதான் கதி. அதைச் செம்மைப்படுத்துவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

நேற்றைய பதிவைப் படித்த ஒருவர், "மழை அளக்க வழியில்லாத இடத்தில் என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறார். கண்ணால் பார்க்கவேண்டியவை இருக்கின்றன. வீட்டுக்கு மேலே தரையில் வளைவாகப் புது விரிசல். நேராக நின்ற மரமும் கம்பமும் சாய்வது. காரணமில்லாமல் கதவு இறுகுவது. இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று. ஓடை திடீரென்று கலங்குவது. அதைவிட மோசம், கொட்டும் மழையில் ஓடை திடீரென்று வற்றுவது. மேலே எங்கோ மண் அடைத்திருக்கிறது, அடைப்பு உடைந்தால் மொத்தமாக வரும். அதைப் பார்த்துவிட்டு மேலே போய் ஆராயக்கூடாது. ஓடை போகும் திசையில் ஓடாமல், பக்கவாட்டில் மேடேறிவிடவேண்டும்.

மாலையில் கேப் ரோடு வரை போய் வந்தேன். அகலப்படுத்த வெட்டிய பாறைமுகம், 2019இலும் 2020இலும் சரிந்தது. வெட்டிய மலைக்குப் பழைய கோடு செல்லாது, முன்பு தாங்கிய மழையை இனி அது தாங்காது. எந்த வரம்புப் பட்டியலிலும் இதற்கு ஒரு பத்தி இருப்பதாகத் தெரியவில்லை.

திங்கள், ராஜமலை

எஸ்டேட் ஜீப் ஒன்றில் இடம் கிடைத்தது. ஓட்டுபவர் லயத்திலேயே, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளிலேயே, பிறந்து வளர்ந்தவர். தாத்தா காலத்தில் கயத்தாறு பக்கமிருந்து வந்த குடும்பம். பக்கத்திலுள்ள பெட்டிமுடியில் இருந்தவர்களில் பலருக்கும் அந்தப் பக்கம்தான் பூர்வீகம்.

2020 ஆகஸ்ட் 6 இரவு பதினொன்றை நெருங்கும்போது அங்கே மலை இறங்கியது. லயங்களில் தூங்கிக்கொண்டிருந்த எழுபது பேர் இறந்தார்கள். அன்றைய மழை 600 மி.மீ.க்கு மேல். எந்த ஆய்வாளரின் கோட்டை வைத்தாலும் பகலிலேயே தாண்டியிருக்கும். ஆனால் மின்சாரம் இல்லை, கைபேசிக் கோபுரம் வேலை செய்யவில்லை. விபத்துச் செய்தியே விடிந்த பிறகுதான் வெளியே வந்தது. செய்தி வெளியே வர வழியில்லாத இடத்துக்கு எச்சரிக்கை உள்ளே போவது எப்படி?

ராஜமலையில் கல்லறைகளுக்கு முன் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தோம். திரும்பும்போது அவரே ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி, நீங்க மழையளவு மழையளவுன்னு சொல்லுதீங்களே, அந்தக் கருவி என்ன வெலை வரும்?"

"கருவியே வேணாம்ணே. சுவர் நேரா இருக்கிற பழைய பெயின்ட் டப்பா போதும், வாளி மாதிரி மேல அகலமா இருக்கக்கூடாது. வெட்டவெளியில சாயாம வச்சு, உள்ள ஸ்கேலை விட்டுப் பாருங்க. எத்தனை மில்லிமீட்டர் தண்ணி நிக்குதோ அதுதான் மழை. டப்பா பெருசா சின்னதாங்கிறது கணக்கே இல்ல."

"எத்தனை வந்தா நாங்க எந்திரிச்சுப் போகணும்?"

இந்தக் கேள்விக்குத்தான் வாரம் முழுக்க அலைந்தேன். இலங்கை மலையகத்தில் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 24 மணி நேரத்துக்கு மூன்று படி வைத்திருக்கிறது என்று சொன்னேன், 75இல் விழிப்பு, 100இல் தயார், 150இல் வெளியேறு. அவர் சிரித்தார். "நூத்தம்பதெல்லாம் இங்க ஆனி ஆடியில சாதாரணமா வரும். அப்படிப் பார்த்தா ரெண்டு மாசம் ஸ்கூல்லதான் படுக்கணும்."

அதனால் இப்படிப் பேசி வைத்தோம். தினமும் காலையில் அளந்து எழுதுவது. பக்கத்தில் மூன்று நாள் கூட்டுத்தொகை. ஓடை கலங்கிய நாள், ரோட்டோரம் கொஞ்சம் மண் விழுந்த நாள், எல்லாவற்றையும் எதிரே குறிப்பது. இரண்டு பருவம் எழுதினால் அந்தச் சரிவின் சொந்தக் கோடு மெல்லத் தெரியவரும். அதுவரைக்கும், குறித்த நாட்களில் மிகக் குறைந்த எண் எதுவோ அதற்கு முன்பே பிள்ளைகளையும் வயசானவர்களையும் வெளிச்சத்தோடு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுவது.

"அது சரி, ராத்திரி டப்பாவை யார் பாக்கது?" என்றார். பதிலையும் அவரே சொன்னார். கனத்த மழை நாளில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. பத்து மணிக்கு அவர், பன்னிரண்டுக்கு மச்சான், இரண்டுக்குப் பக்கத்து லயத்துப் பையன், "அவன் எப்படியும் போனைப் பாத்துக்கிட்டு முழிச்சுத்தான் கெடப்பான்." நாலு மணிக்கு அவருடைய ஆத்தா.